கில்ட்டைப் பாவாடை என்றவர்கள்

மலர்விழிக்குக் கோபம் வரும் என்பது அவள் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் யூனிட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தையல் கோணினால் கோபம் வரும். கோணாத தையலைக் கோணல் என்று யாராவது சொல்லிவிட்டால் அதைவிட அதிகமாக வரும். இருபத்து மூன்று வருடமாக மிஷினில் உட்கார்ந்து முதுகு வளைந்தவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்றவரின் கடைசி மகள் அவள். பதினெட்டு வயதில், மிளகாய்ப்பொடிக் கை இனி வேண்டாம் என்று தையல் கற்றுக்கொள்ளப் போனாள். சட்டை, பாவாடை, பனியன், டவுசர் என்று அவள் கையால் தைக்காதது பாக்கியில்லை. துணி விஷயத்தில் அவளுக்குப் பாடம் எடுக்க நாமக்கல் ஜில்லாவில் ஆள் கிடையாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் எடுத்தார்கள். அதுவும் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் எடுத்தார்கள்.

அவள் கணவன் சின்னுசாமி லாரி எலக்ட்ரீசியன். திருச்செங்கோடு ரோட்டில் கருப்பண்ணன் என்பவரின் ஷெட்டில் பதினாறு வருடமாக வேலை. புது லாரிக்கு பாடி கட்டி முடிந்ததும் ஹெட்லைட் முதல் பின்னால் மினுக்குகிற சின்ன விளக்கு வரைக்கும் வயர் இழுப்பது அவன் பொறுப்பு. அதிர்ந்து பேசத் தெரியாதவன். வீட்டில் சண்டை வந்தால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். சண்டை போட ஆளில்லாமல் மலர்விழி பாத்திரத்தோடு போட்டு முடிப்பாள். இப்படியே பத்தொன்பது வருடக் குடித்தனம் நன்றாகத்தான் ஓடியது.

போன ஆவணியில் ஒரு நாள் ஷெட்டில் லாரி பேட்டரியைத் தூக்கி மாற்றும்போது அதன் கைப்பிடி அறுந்தது. பேட்டரி அவன் மடியில் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்த ஆசிட் முழுவதும் இரண்டு தொடையிலும் கொட்டியது. சுற்றி நின்ற ஆண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் "ஐயோ ஐயோ" என்று கத்தினார்களே தவிர ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ஷெட்டைக் கூட்டிப் பெருக்குகிற கண்ணாத்தாள்தான் ஓடி வந்து, பைப்பைத் திருகி, அரைமணி நேரம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். பேண்ட் துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரித்து எடுத்ததும் அவள்தான். அப்புறம் கொடியில் காயப்போட்டிருந்த தன் பாவாடையை எடுத்து அவன் இடுப்பில் தொளதொளவென்று கட்டிவிட்டாள். முதலாளி கருப்பண்ணன் தன் காரிலேயே ஏற்றி, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த உபகாரத்தை மலர்விழி ஒருநாளும் மறுத்ததில்லை.

இடுப்பிலிருந்து தோலை எடுத்துத் தொடையில் ஒட்டினார்கள். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஒரு வருடத்துக்குத் தொடையில் எதுவும் உரசக்கூடாது, காற்றாட இருக்க வேண்டும், பேண்ட்டை மறந்துவிட வேண்டும். வீட்டுக்குள் லுங்கி கட்டிக்கொண்டான், சரி. வேலைக்கு என்ன செய்வது? ஷெட் வாசலில் பெயிண்டால் எழுதிய போர்டு ஒன்று இருக்கிறது. 'லுங்கி, வேட்டி கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் வரக்கூடாது.' வேறு ஏதோ பட்டறையில் ஒருத்தன் லுங்கி கம்ப்ரஸர் பெல்ட்டில் சிக்கிக் கால் போனதாம், அதிலிருந்து அந்த போர்டு. நியாயமான போர்டுதான். ஆனால் அந்த போர்டைத் தாண்டித்தான் முதலாளி தினமும் வெள்ளை வேட்டியில் உள்ளே போய் வருகிறார். போர்டு எழுதி வைத்தவருக்கும் சேர்த்தா போர்டு?

பைஜாமா தைத்துப் பார்த்தாள். தொளதொளவென்று டவுசர் தைத்துப் பார்த்தாள். இரண்டு காலுக்கும் நடுவில் தையல் வருகிற எதுவும் ஆகவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் துணி சுருண்டு தொடையில் ஏறியது, புதுத்தோல் கன்றியது. மார்கழி போய்த் தை வந்தது. கருப்பண்ணன் போன் செய்து, "பங்குனி பொறக்கற வரைக்கும் பாக்கறேன் சின்னு. அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுக்குவேன், என்னைக் கொறை சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயதில் வயர் இழுக்கிறவனுக்கு வேறு எந்த ஷெட் கதவைத் திறந்து வைத்திருக்கிறது? அன்று சின்னுசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மலர்விழிக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யூனிட்டில் புது ஆர்டர் வந்தது. தடித்த காக்கித் துணி. இடுப்பைச் சுற்றிக் கட்டி, பக்கவாட்டில் டிச் பட்டன் போட்டுக்கொள்ள வேண்டியது. முட்டி வரைக்கும்தான் நீளம். முன்னால் தட்டை, பின்னால் வரிசையாக மடிப்பு. இரண்டு பக்கமும் மூடி வைத்த பெரிய பை, சுத்தியல் மாட்ட ஒரு பட்டை. லைனில் இருந்த மோனிஷா என்கிற பெண் ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்து, "ஆம்பளைங்களுக்குப் பாவாடையாமாக்கா!" என்று சொன்னதும் நாற்பது மிஷினும் நின்று சிரித்தன.

"பேரு கில்ட்டு" என்றான் தளப் பொறுப்பாளன் தனசேகர். "ஆர்டர் குடுத்த வெள்ளைக்காரங்க ஊர்ல தச்சு வேலை, கட்டட வேலை பாக்கற ஆம்பளைங்க போட்டுக்கறது. சிரிக்காம தெய்ங்க."

மலர்விழி சிரிக்கவில்லை. முந்தின மூன்று வருடம் இதே லைனில் பெண்களுக்கான பாவாடை தைத்தவள் அவள். கையில் எடுத்ததுமே அவளுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. "பாவாடைன்னா சுத்தி ஒரே வட்டம், காலை உட்டு மேல இழுக்கோணும். இது அப்படியா இருக்குது? ஒரு தலைப்பு மேல இன்னொரு தலைப்பு ஏறுது பாரு. சுத்திக் கட்டறது புள்ள இது. வேட்டிக்குச் சொந்தம், பாவாடைக்கில்ல" என்று மோனிஷாவிடம் சொன்னாள்.

தனசேகருக்கு இதில் இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தது. "அக்கா, அந்தூர்லயே இதுக்குச் சண்டை நடக்குதாமா. ஆர்டர் குடுத்த ஆளு வந்தப்பச் சொன்னாரு. நெச கில்ட்டுன்னா கம்பளித் துணியாம், கட்டம் போட்டிருக்குமாம், எட்டு கஜம் புடிக்குமாம். அதைக் கட்டற பெரியவங்க இதைப் பாத்து, இதென்ன கில்ட்டு, பை வெச்ச பாவாடைங்கறாங்களாம். இதைப் போடறவங்க உட்டுக்குடுக்கறதில்லையாம். போன்ல பக்கம் பக்கமா எழுதிச் சண்டை போடறாங்களாம்."

"ஏன், எட்டு கஜம் இருந்தாத்தான் ஒத்துக்குவாங்களாமா?" மலர்விழிக்கு அப்போதே சுருக்கென்றது. "எனக்குக் கண்ணாலம் ஆனப்ப எங்கூட்டுக்காரருக்கு அம்மாபேட்டைல எடுத்தது எட்டு மொழம் பட்டுவேட்டி. ஊட்ல கட்டறது நாலு மொழம். அது மட்டும் வேட்டியில்லையா? பட்டுல ஜரிகை இருக்குது, இதுல இல்ல, அதனால இது துண்டுன்னு யாராச்சும் சொல்வாங்களா? வேலை செய்யறவனுக்குத் தக்கன துணி மாறும், பை வெக்கத்தான் வெப்பாங்க. நோவாத வேலை பாக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கையிலிருந்த பீஸைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு காலுக்கும் நடுவில் தையல் இல்லை. பட்டன் போட்டு இறுக்கினது, தடித்த துணி, லுங்கி மாதிரி பறந்து எந்த பெல்ட்டிலும் சிக்காது. டெஸ்டருக்கு ஒரு பை, கட்டிங் பிளேயருக்கு ஒரு பை. நான்கு மாதமாகத் தேடிய துணி அவள் மடியிலேயே கிடந்தது.

நிறம் ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிய பீஸ்களில் ஒன்றைத் தனசேகரிடம் கேட்டு வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து இடுப்பளவைச் சுருக்கி, உள்பக்கம் மல் துணி வைத்து, பின்மடிப்பை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். சின்னுசாமி அதைப் பார்த்ததும் பத்தடி பின்னால் போனான்.

"என்ன புள்ள இது? இதைப் போட்டுட்டு நான் எப்படி வெளிய போறது?"

"கட்டிப் பாருங்க மாமா. நோவுதான்னு சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

உள்ளே கோவணம், மேலே கில்ட்டு. கட்டிக்கொண்டு நாலடி நடந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். கட்டிலுக்கு அடியில் லாரிக்கு அடியில் போகிற மாதிரி ஊர்ந்து போனான், வந்தான். அடியில் இருந்த டூல்ஸ் பையை இழுத்து, டெஸ்டரை எடுத்து வலது பக்கப் பையில் செருகி, மூடியை அழுத்தினான். அறைக்குள் மூன்று சுற்று வந்தான். ஆறு மாதமாகக் காலை அகட்டி அகட்டி நடந்தவன் நேராக நடந்தான். மலர்விழி அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பி நின்று அழுதாள்.

மாசி இரண்டாவது வாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போனான். கிண்டல் இல்லாமல் இருக்குமா? 'பாவாடைச்சாமி' என்று பெயர் வைத்தார்கள். வெல்டிங் செய்கிறவர்கள் பாட்டுக் கட்டினார்கள். சின்னுசாமி தலையைக் குனிந்துகொண்டு வயர் இழுத்தான். கருப்பண்ணன் முதல் நாள் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னய்யா வேசம் இது? செரி, வேலை நடந்தாச் செரி" என்று போய்விட்டார். மூன்று நாள் அப்படியே வேலை நடந்தது. தொடையில் ஒரு கீறல் இல்லை. இரவில் மலர்விழி மருந்து தடவும்போது பார்த்தாள், தோல் அமைதியாக இருந்தது.

நாலாம் நாள் ஒரு லாரி டெலிவரி. சங்ககிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வண்டிக்குச் சொந்தக்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டும் நேரம். அந்த நேரத்தில் விளக்கெல்லாம் எரியவிட்டு வண்டிக்கு முன்னால் நின்று சரிபார்ப்பது எலக்ட்ரீசியன் வேலை. சின்னுசாமி நின்றான். பெரியவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. முட்டி தெரிய ஒருத்தன் நிற்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"யார்ரா அது? பெரிய மனுசங்க வந்து நிக்கறாங்க, மடிச்சுக் கட்டுனதை எறக்கி உடத் தெரியாதா?"

இந்தப் பக்கத்தில் பிறந்த எந்த ஆண்பிள்ளைக்கும் அந்தக் குரல் கேட்டால் கை தானாக இடுப்புக்குப் போகும். மடித்துக் கட்டின வேட்டியைப் பெரியவர்கள் எதிரே இறக்கிவிடாமல் நின்றால் அது திமிர். சின்னுசாமியின் இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. தடவின. இறக்கிவிட அங்கே மடிப்பு எங்கே இருக்கிறது? பதறிப்போய் இன்னொரு தரம் தடவினான். கூட்டத்தில் ஒருத்தன், "அது பாவாடைங்க, எறக்குனா மானம் போயிரும்" என்று சொன்னான். மொத்த ஷெட்டும் சிரித்தது. பெரியவரின் பேரப்பிள்ளைகள் சிரித்தன. பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பூசை போடற எடத்துல ஆம்பளை பாவாடை கட்டிட்டு நிக்கறான். நல்லா நடத்தறீங்க கருப்பண்ணா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி போனதும் கருப்பண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நாளைக்குப் பேண்ட் போட்டுட்டு வா. இல்லீன்னா வராத. பாவாடை கட்டுனவன் எனக்கு வேண்டாம்."

இதை மலர்விழியிடம் சின்னுசாமி சொல்லவில்லை. கண்ணாத்தாள்தான் போன் செய்து சொன்னாள். மறுநாள் காலை அவன் பழைய பேண்ட்டைத் தேடுவதைப் பார்த்து மலர்விழி கத்தினாள். "வேண்டாம் மாமா, நான் வந்து பேசறேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. "பதினாறு வருசம் வேலை பாத்த எடம் புள்ள. ஒரு நாள் பல்லைக் கடிச்சுட்டுப் பாக்கறேன்" என்று போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். வேலை முடிந்து வந்த மலர்விழி பேண்ட்டைக் கழற்ற முடியாமல் அவன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள். உள்பக்கம் துணி தோலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, கண்ணாத்தாள் அன்றைக்கு எடுத்த மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பேண்ட்டை வாளியில் ஊற வைத்தாள். தண்ணீர் சிவந்தது. இரண்டு தரம் தண்ணீரை மாற்றினாள், மூன்றாவது தரமும் சிவந்தது.

அவளுக்கு அப்போது வந்த கோபம் கத்துகிற கோபம் இல்லை. கத்துகிற கோபம் எவ்வளவோ தேவலை.

மறுநாள் யூனிட்டுக்கு லீவு சொன்னாள். கில்ட்டைத் துவைத்து, தேய்த்து, ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கருப்பண்ணன் ஆபீஸ் அறையில் இருந்தார். பக்கத்து மேஜையில் பில் போடுகிற பெண் அபிநயா. வாசலில் விளக்குமாற்றோடு கண்ணாத்தாள்.

"வா அம்மிணி. சின்னு எப்படி இருக்கறான்?" என்றார் கருப்பண்ணன்.

"நேத்து பேண்ட் போட்டாருங்ணா. அதனால படுத்திருக்கறாரு." மலர்விழி கில்ட்டை எடுத்து அவர் மேஜையில் விரித்தாள். "இதை ஒரு தரம் பாருங்ணா. நான் தெய்க்கறவ. பாவாடையும் தெச்சிருக்கறேன், இதையும் தெச்சிருக்கறேன். ரெண்டும் வேறைங்ணா. பாவாடைல பக்கத் தையல் இருக்கும், சுத்தி மூடியிருக்கும். இதுல பாருங்க, முழுசாத் தொறந்துக்குது. சுத்திக் கட்டி மேல பட்டன். முன்னால தட்டை, பின்னால மடிப்பு. அந்த ஊர்ல இதைக் கட்டிட்டு ஆம்பளைங்க கூரை மேல ஏறி வேலை பாக்கறாங்க."

"அந்த ஊர்ல ஆயிரம் பண்ணுவாங்க. நம்மூர்ல இதைப் பாத்தா யாரு அம்மிணி கில்ட்டுங்கப் போறா? பாவாடைன்னுதான் சொல்லுவாங்க."

"அந்தப் பெரியவரு அப்படிச் சொல்லலீங்ளே. மொதல்ல வேட்டின்னுதானுங்க நெனைச்சாரு? எறக்கி உடச் சொன்னாரே?"

"அது கண்ணு தெரியாம சொன்னது."

"செரிங்ணா. கண்ணு தெரியறவங்களைக் கேக்கறேன்." மலர்விழி அவர் இடுப்பைக் காட்டினாள். "நீங்க கட்டியிருக்கறது என்னுங்க?"

கருப்பண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டார். "ஏன், வேட்டி."

"அதுல இடுப்புல ஒட்டு வெச்சுத் தெச்சிருக்குதுங்க. பர்ருன்னு பிரிச்சு பர்ருன்னு ஒட்டறது. வலது பக்கம் போன் வெக்கப் பை. மிஷின்ல ஓரம் அடிச்சிருக்குது. எங்க யூனிட்டுக்குப் பக்கத்து யூனிட்லதான் தெய்க்கறாங்க, தையலைப் பாத்தாலே எனக்குத் தெரியுமுங்க. சுத்தி இழுத்துச் செருகற துணிக்குத்தான் வேட்டின்னு பேரு. தெச்சு, ஒட்டி, பை வெச்சதுக்கும் வேட்டின்னு பேரு இருக்குதுன்னா, எங்கூட்டுக்காரரு கட்டுனதுக்கு மட்டும் ஏனுங்க பாவாடைன்னு பேரு? வெள்ளையா இல்லாததாலயா? இல்ல, அதுக்குள்ள நிக்கறது முதலாளி இல்லாததாலயா?"

அபிநயா கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கருப்பண்ணனுக்குக் காது சிவந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதில் இல்லாதபோது குரலை உயர்த்துகிற சாதாரண மனிதர்.

"இந்தா அம்மிணி, வேட்டின்னே வெச்சுக்க. வேட்டி கட்டி ஷெட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு வெளிய போர்டு இருக்குது. வேட்டின்னா வெளிய போ, பாவாடைன்னாலும் வெளிய போ. எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஒரு ஆம்பளை பாவாடை கட்டிட்டு நாலு பேர் முன்னால நின்னா அசிங்கம் அவனுக்கில்ல, எனக்கு. என்ற ஷெட்டுக்கு. அவ்வளவுதான்."

அசிங்கம். அந்தச் சொல் மலர்விழியைத் தைத்தது. இத்தனை நாள் அவளும் 'பாவாடை இல்லை, பாவாடை இல்லை' என்றுதானே மன்றாடிக்கொண்டிருந்தாள்? பாவாடையாக இருந்தால் ஏதோ கொலைக்குற்றம் என்கிற மாதிரி. தன் இடுப்பில் இருப்பது என்ன? கண்ணாத்தாள் இடுப்பில் இருப்பது என்ன? நாற்பது மிஷினில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பெண்களும் எதைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்குச் சோறு சம்பாதிக்கிறார்கள்? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கில்ட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள்.

"செரிங்ணா. கில்ட்டை உடுங்க. ஆவணி மாசம் எங்கூட்டுக்காரரை உங்க கார்ல ஏத்திட்டுப் போனீங்களே, அன்னைக்கு அவரு இடுப்புல என்ன இருந்துச்சுன்னு நெனைப்பிருக்குதுங்ளா?"

கருப்பண்ணன் பில் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார்.

"பாவாடைங்ணா. கொடியில காஞ்ச கண்ணாத்தாக்காவோட பச்சைப் பாவாடை. நெசப் பாவாடை. பக்கத் தையல் போட்டு, நாடா கோத்தது. இங்கிருந்து சேலம் வரைக்கும் நீங்கதான் வண்டி ஓட்டுனீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நீங்கதான் கையைப் புடிச்சு எறக்குனீங்க. எத்தனை பேரு பாத்திருப்பாங்க? அன்னைக்கு உங்களுக்கு அசிங்கமா இல்லீங்ளே. உங்க பேட்டரி ஆசிட்லதான் வெந்துச்சு அவரு தொடை. அப்ப மானத்தை மூடுன துணி, இப்ப வேலை செய்யக் கட்டுனா மட்டும் எப்படீங்ணா அசிங்கமாச்சு?"

கண்ணாத்தாள் வாசலில் இருந்து, "அந்தப் பாவாடை திரும்பி வரவேயில்ல சாமி, ஆஸ்பத்திரில கத்தரிச்சுட்டாங்க. இந்தப் புள்ளதான் ரெண்டு புதுசு தெச்சுக் குடுத்தா" என்றாள், யாரைக் குற்றம் சொல்கிறோம் என்கிற எண்ணமே இல்லாமல்.

கருப்பண்ணன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். பர் என்று ஒட்டு பிரிந்து பர் என்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும், உடனே உட்கார்ந்துவிட்டார்.

"புண்ணு ஆறுனதும் வரச் சொல்லு."

"எதைக் கட்டிட்டுங்ணா?"

"அதைக் கட்டிட்டுத்தான். பங்குனிக் கெடு எதும் வேண்டாம்."

"வண்டி பூசை நடக்கும்போது பின்னால போயி ஒளிஞ்சுக்கச் சொல்லுவீங்ளா?"

கருப்பண்ணன் பில் புத்தகத்தை மூடினார். "லைட் அவன் போட்டா அவன்தானே முன்னால நிக்கோணும்" என்றார்.

புண் ஆறப் பதினெட்டு நாள் ஆயிற்று. மூன்று நாள் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு, ஒரு பேண்ட்டால் பதினெட்டு நாள். பங்குனி பிறந்து ஐந்தாம் நாள் சின்னுசாமி மறுபடி கில்ட்டைக் கட்டிக்கொண்டு போனான். கிண்டல் நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது. வெல்டிங் செய்கிறவர்களில் ஒருத்தன், பை வைத்த அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று தனியாக வந்து விசாரித்தானாம். மலர்விழி, "பாட்டுக் கட்டுனானே, அவனா? கெடைக்காதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு லாரி டெலிவரி. அன்று பொழுது சாய்ந்ததும் கண்ணாத்தாளே வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பரமத்திக்காரர் ஒருவரின் வண்டி. மாலை போட்டாயிற்று, கற்பூரம் ஏற்றப் போகிறார்கள். சின்னுசாமி வண்டிக்கு முன்னால் நிற்கிறான். வண்டிக்காரர் பக்கத்தில் வந்ததும் அவன் கை பழையபடி இடுப்புக்குப் போனது. இந்தத் தரம் தடவிக்கொண்டு நிற்கவில்லை. பையின் மூடியைத் திறந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தடியில் ஒவ்வொன்றாக வைத்தான். வண்டிக்காரர் கருப்பண்ணன் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, என்னுங்க அது, பாவாடைங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கு உங்க மொதலாளி என்ன சொன்னாரு?" மலர்விழி கேட்டாள்.

"அவர் எங்க எலக்ட்ரீசியனுங்க, அப்படீன்னாரு சாமி. வேற ஒண்ணுஞ் சொல்லல. அந்த ஆளும் அப்புறம் ஒண்ணுங் கேக்கல. லைட்டெல்லாம் எரியுதுங்களான்னு கேட்டாரு, அவ்வளவுதான்."

சின்னுசாமி சிரித்துக்கொண்டே தட்டில் கையைக் கழுவினான். கண்ணாத்தாளும் சிரித்தாள். மலர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லையில் கொடியில் அந்தப் பேண்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை தரம் துவைத்தும் உள்பக்கத்துக் கறை போகவில்லை.

"எங்க எலக்ட்ரீசியன். நாக்கைப் பொரட்டுனா வர்ற வார்த்தை" என்றாள். "இதை அன்னைக்கே அந்தப் பெரியவருகிட்டச் சொல்லியிருந்தா, வாளியில மூணு தரம் தண்ணி மாத்தியிருக்க வேண்டாமில்லக்கா?"